எக்செலைச் சிஎஸ்வி கோப்போடு இணைப்பது: தினமும் காப்பி-பேஸ்ட் செய்பவர்களுக்கு

சித்தப்பாவின் மளிகைக் கடையில் பில் போடும் மென்பொருள், ராத்திரி கடை சாத்தும்போது அன்றைய இருப்பை ஒரு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எழுதி வைக்கும். அதைத் திறந்து, காப்பி செய்து, என் எக்செல் தாளில் ஒட்டி, எது தீரப்போகிறது என்று பார்ப்பது என் வேலை. ஒருநாள் அசதியில் முந்தின வாரக் கோப்பை ஒட்டிவிட்டேன். கடையில் பொன்னி அரிசி மூட்டை மூட்டையாகக் கிடக்க, மறுநாள் இன்னொரு லோடு வந்து இறங்கியது. அதற்கப்புறம்தான், வெளிக் கோப்பிலிருந்து தரவைத் தானே இழுத்துவரும் எக்செல் வசதியான பவர் குவெரி பக்கம் போனேன். எக்செல் 2019 அல்லது 365 இருந்தால் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

1. கோப்புக்கு நிலையான இடம். எக்செல் நினைவில் வைப்பது கோப்பின் முகவரியைத்தான். அதனால் ஒரே ஃபோல்டர், ஒரே பெயர். புதுக் கோப்பு பழையதன் மேலேயே எழுதப்பட வேண்டும்.

2. இணைப்பு. புதுத் தாளில் ‘டேட்டா’ டேப், ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’. கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு முன்னோட்டம் வரும். பொருள்களின் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிந்தால், மேலே ‘ஃபைல் ஆரிஜின்’ பட்டியலில் 65001 (யூடிஎஃப்-8) என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

உடனே ‘லோட்’ அழுத்திவிடாதீர்கள். ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ அழுத்துங்கள். 00417 என்ற பொருள் குறியீட்டை எண் என்று நினைத்து எக்செல் 417 ஆக்கியிருக்கும். நெடுவரிசைத் தலைப்பின் இடப்பக்கம் உள்ள ‘123’ சின்னத்தைத் தொட்டு ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். அப்போது ஒரு கேள்வி வரும்: ‘ரிப்ளேஸ் கரண்ட்’டா, ‘ஆட் நியூ ஸ்டெப்’பா? முதலாவதுதான் சரி. இரண்டாவதை அழுத்தினால், பூஜ்யங்கள் போன பிறகு மிஞ்சிய 417 தான் எழுத்தாக மாறும். நான் அரைமணி நேரம் விழித்த இடம் இது.

3. ‘க்ளோஸ் அண்ட் லோட்’. தரவு ஓர் அட்டவணையாகத் தாளில் வந்து உட்காரும்.

4. புதுப்பித்தல். கண்ட்ரோல் + ஆல்ட் + எஃப்5 அழுத்தினால் போதும். அதுவும் மறந்துபோகும் என்றால், ‘குவெரீஸ் அண்ட் கனெக்‌ஷன்ஸ்’ பட்டியலில் குவெரியின் (நாம் உருவாக்கிய இணைப்பின்) மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போங்கள். கோப்பைத் திறக்கும்போதே புதுப்பிக்கும் தேர்வு அங்கே இருக்கிறது. இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்றும் வைக்கலாம். ஆனால் எக்செல் திறந்திருக்கும் வரைதான் அது ஓடும். திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்தால் ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்துங்கள், இல்லாவிட்டால் பழைய கணக்கே நிற்கும். இதே தரவில் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) வைத்திருப்பவர்கள், அதே ‘ப்ராப்பர்ட்டீஸ்’ல் ‘பேக்ரவுண்ட் ரெஃப்ரெஷ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இருந்தால், தரவு வந்து சேரும் முன்பே பிவட் பழையதைக் கூட்டிக் காட்டிவிடக்கூடும்.

5. அந்த அட்டவணையில் கை வைக்காதீர்கள். இது ஒருவழிப் பாதை. தாளில் நீங்கள் திருத்தியது மூலக் கோப்புக்குப் போகாது. அடுத்த புதுப்பித்தலில் அழிந்தும் போகும். பக்கத்து நெடுவரிசையில் குறிப்பு எழுதுவது இன்னும் மோசம். துவரம்பருப்புக்கு நேரே ‘ஆர்டர் போட்டாச்சு’ என்று எழுதியிருந்தேன். மறுநாள் கோப்பில் புதிதாக இரண்டு பொருள் நடுவில் நுழைய, அந்தக் குறிப்பு சர்க்கரைக்கு நேரே நின்றது.

குறிப்புகளை வேறொரு தாளில், குறியீடு ஒரு பக்கம், குறிப்பு ஒரு பக்கம் என்று வையுங்கள். அட்டவணையை ஒட்டிய நெடுவரிசையில் விலுக்அப் (VLOOKUP, ஒன்றைத் தேடி அதற்கு நேரே இருப்பதை எடுத்துவரும் சூத்திரம்) போட்டு, குறியீட்டைக் கொண்டு இழுத்துக்கொள்ளலாம். அந்தத் தாளிலும் குறியீட்டு நெடுவரிசையை முதலில் ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டே தட்டச்சு செய்யுங்கள். 417-ம் 00417-ம் எக்செலுக்கு வேறு வேறு.

ஃபோல்டரை இடம் மாற்ற நேர்ந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டாம்: ‘கெட் டேட்டா’வின் அடியில் ‘டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்’, அதில் ‘சேஞ்ச் சோர்ஸ்’, புது முகவரி.