தொட்டிக்குக் காசு செலவழிக்காமல் ஒரு கொல்லைத் தோட்டம்

தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் நர்சரி. வளர்ப்புப் பை, கொக்கோபீட் கட்டி, மண்புழு உரம், நிழல் வலை என்று வாங்கி முடிக்கும்போது நல்ல தொகை போயிருக்கும், அப்புறம் ஒரு செடி காய்ந்தாலும் மனசு விட்டுப்போகும். செடிக்கு வேண்டியது வேர் ஓட இடம், தண்ணீர் வடிய வழி, உயிருள்ள மண், அவ்வளவுதான். இதெல்லாம் உங்கள் தெருவிலும் அடுக்களையிலும் ஏற்கெனவே கிடக்கிறது.

பாத்திரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வெள்ளையடித்து முடித்த வீட்டில் கேட்டால் 20 லிட்டர் எமல்ஷன் வாளிகளைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஒட்டிய பெயின்ட்டைக் காயவிட்டு உரித்து, தேய்த்துக் கழுவுங்கள். ஆணியைக் காய்ச்சி அடியில் ஏழெட்டு ஓட்டை, பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நாலு ஓட்டை போடுங்கள் (வெளியில் நின்று செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை). கத்தரி, மிளகாய், தக்காளிக்கு இந்த வாளி சரியான அளவு, வாளிக்கு ஒரு செடிதான். கீரைக்கு இவ்வளவு ஆழம் தேவையில்லை, அரை அடி மண் போதும், மீன் கடையில் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டியே தாராளம்.

25 கிலோ அரிசிச் சாக்கும் நல்ல தொட்டிதான். அடி மூலை இரண்டையும் உள்பக்கமாகத் தள்ளிவிட்டால் அடி வட்டமாகி நேராக நிற்கும், வாயைப் பாதி உயரத்துக்கு வெளியே மடித்து விடுங்கள். வழவழப்பான படம் அச்சடித்த சாக்கில் தண்ணீர் கசியாது, அதற்குக் கட்டாயம் ஓட்டை போட வேண்டும். வெயிலில் நாளானால் சாக்கு இழை பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும், தொட்டுப் பார்த்து விரலில் தூள் ஒட்டினால் அந்தப் போகத்தோடு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் மண்ணில் கலந்துவிடும்.

பூச்சிமருந்து டப்பா, பேட்டரிப் பெட்டி, எஞ்சின் ஆயில் கேன், எவ்வளவு கழுவினாலும் சாப்பிடுகிற செடிக்கு வேண்டாம். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டை வரப்புக்கு நட்டு வைக்கிறார்கள், அதைத் தயவுசெய்து அறுக்கவோ உடைக்கவோ செய்யாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. டயரும் எனக்கு ஒப்பவில்லை. அதன் உள்மடிப்பில் நிற்கிற மழைத்தண்ணீரே டெங்கு கொசுவுக்குப் போதும்.

இனி மண். வீட்டுத் தோட்டத்தில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது, ஆகவே அவசரப்படாதீர்கள். இன்னொரு பெயின்ட் வாளியை எடுத்து அடியிலும் சுற்றிலும் ஓட்டை போட்டு, கீழே நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகு பரப்புங்கள். தினமும் காய்கறித் தோல், டீத்தூள், வாழைப்பழத் தோல், பூஜைக்கு வைத்து வாடிய பூ எல்லாம் போட்டு, ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு என்று மேலே மூடிவிட வேண்டும். கரும்புச்சாறு கடைச் சக்கையையும் நறுக்கிச் சருகோடு சேர்க்கலாம், மேலே கிடந்தால் எறும்பு வரும், உள்ளே புதையுங்கள். வாரம் ஒரு தரம் கிளறிவிட்டு ஒரு டம்ளர் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளியுங்கள். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். போட்டது போட்டபடியே கிடந்தால் ஈரம் போதவில்லை, தண்ணீர் தெளியுங்கள். நெளிகிற புழுவைக் கண்டு பலர் வாளியையே கொட்டிவிடுகிறார்கள், அது மக்கவைக்கிற புழு, செடியைத் தின்னாது, மேலே சருகு போட்டால் கண்ணில் படாது. எண்ணெய்க் குழம்பு, மீன் முள், கறி மட்டும் போட வேண்டாம், எலி தேடி வரும். இரண்டு மாதத்தில் கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வரும். அதுதான் பதம்.

வாளி நிரப்பும்போது அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு இளநீர் மட்டைத் துண்டுகளை அடுக்குங்கள். இளநீர்க் கடைக்காரர் வெட்டிப்போட்டதை இரண்டாகப் பிளந்து காயவைத்து, இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்ட பிறகு போட வேண்டும். மண் மிச்சம், எடையும் குறையும், கோடையில் ஈரத்தையும் பிடித்து வைக்கும். மேலே செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. மட்டை மக்க மக்க மண் இறங்கும், அவ்வப்போது உரம் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். மாடியில் வைப்பதானால் வாளிக்கு அடியில் செங்கல் துண்டு கொடுங்கள், தளத்தில் ஈரம் தங்கக் கூடாது.

விதைக்கும் பாதி அடுக்களையே போதும். வெந்தயம், லேசாக உருட்டி இரண்டாக உடைத்த தனியா, சந்தையில் வாங்கிய புதினா, பொன்னாங்கண்ணி, பசலைக் கட்டில் மிஞ்சிய தண்டு, எல்லாம் வேர் பிடிக்கும். தண்டை நிழலில் ஒரு வாரம் வைத்துத் துளிர்த்த பிறகு வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். கத்தரி, மிளகாய் நாற்றுக்குக் கண்ணுள்ள பாதிக் கொட்டாங்குச்சி இருந்தால் போதும், கண்ணைக் குத்திவிட்டால் தண்ணீர் தானாக வடியும்.

கொடிக்குப் பழைய புடவை. பின்னிய கயிறாகப் பந்தல் கட்ட நைலான், பாலியஸ்டர் புடவைதான் தாங்கும், நீளவாக்கில் நாலு விரல் அகலத்துக்கு வெட்டி மூன்று பட்டையாகச் சடை பின்னுங்கள். பருத்திப் புடவை மழையில் இற்றுவிடும், ஆனால் தண்டை இறுக்காமல் மெத்தென்று பிடிக்கும், அதனால் செடியைக் கம்போடு கட்டுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், தண்டுக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினால் உரசாது. கம்புகளைச் சேர்த்துப் பிணைக்கக் கிழிந்த சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டினால் போதும், இழுத்துக் கட்டினால் காற்றுக்கும் அசையாது. புடலை பிஞ்சு விட்டதும் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம், காய் சுருளாமல் நேராக இறங்கும்.

கொல்லையில் தண்ணீர் விட ஆள் இல்லையென்றால் பழைய மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி, தட்டு போட்டு மூடுங்கள். சுற்றிலும் ஓர் அடி தள்ளிச் சுரை, பூசணி விதை ஊன்றினால் பானையிலிருந்து கசிகிற ஈரத்தைத் தேடி வேர் வந்துவிடும். எண்ணெய் பட்ட சமையல் பானை கசியாது, பொங்கல் வைத்த பானையானால் கரியை நன்றாகச் சுரண்டிவிட்டுப் புதைக்க வேண்டும். மூடாமல் விட்டால் கொசு, அதை மறக்காதீர்கள்.

பீர்க்கங்கொடியில் நல்ல காயாக இரண்டைப் பறிக்காமல் விடுங்கள். பழுத்து, காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்போது அறுத்துத் தோலை உரித்தால் நார்க்கூடு வரும். விதையை உதறி எடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்து ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். கூட்டை அலசிக் காயவைத்து மூன்று துண்டாக அறுத்தால் ஒன்று குளிக்க, மற்றது பாத்திரம் தேய்க்க. கிழியத் தொடங்கியதும் அதையும் உர வாளியிலேயே போடலாம்.