சாக்ஸின் விரல் முனையை மேடு தட்டாமல் மூடுவது எப்படி?

புதுச்சேரி வெயிலுக்குச் சாக்ஸ் எதற்கு என்று கேட்பார்கள். என் அப்பாவுக்கு வேண்டும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. விடியற்காலையில் ஷூ போட்டுக்கொண்டு பீச் ரோட்டில் நடக்கிறார். நான் முதலில் பின்னிக் கொடுத்த ஜோடியில், இரண்டு பக்கத்தையும் உள்ளே சேர்த்துப் பின்னி முனையை மூடியிருந்தேன். அந்த மேடு உரசி விரல் சிவந்தது அவருக்குத் தெரியவே இல்லை. கால் துடைத்துவிடும்போது அம்மாதான் பார்த்தார்.

இப்போது செய்வது இது. நான்கு ஊசிகளில் ஊசிக்கு 16 வீதம் 64 கண்ணி. ஐந்தாவது ஊசியால் பின்னுகிறோம். சுற்று உள்ளங்கால் நடுவில் தொடங்கும். 1, 4 உள்ளங்கால். 2, 3 மேல்பாதம். பாதத்தின் முழு நீளத்துக்கு இன்னும் 5 செ.மீ. இருக்கும்போது குறைக்க ஆரம்பியுங்கள்.

1, 3-ஆம் ஊசிகளில் கடைசி மூன்று கண்ணி வரை பின்னி, இரண்டை ஒன்றாகப் பின்னி, கடைசியைத் தனியே பின்னுங்கள். 2, 4-ஆம் ஊசிகளில் முதல் கண்ணியைப் பின்னிவிட்டு, அடுத்த இரண்டையும் பின்னுவதுபோல் ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு மாற்றி, இடது ஊசியை முன்பக்கமாக நுழைத்துச் சேர்த்துப் பின்னுங்கள். முந்தையது வலப்பக்கம் சாயும், இது இடப்பக்கம். மாற்றிச் செய்தால் ஓரக்கோடு கோணும்.

ஒரு சுற்றுக்கு நான்கு கண்ணி குறையும். அடுத்த சுற்று சும்மா பின்னுங்கள். இப்படி மாறி மாறி 32 வரை வந்தபின், சுற்றுதோறும் குறைத்து 16-இல் நிறுத்துங்கள்.

இனிதான் பொறுமை வேண்டும். முதல் ஊசியின் நான்கையும் 4-ஆம் ஊசியால் பின்னினால் உள்ளங்காலில் எட்டு. மேல்பாதத்து எட்டையும் ஒரே ஊசிக்கு மாற்றுங்கள். நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, முனை மழுங்கிய தையல் ஊசியில் கோத்து, உள்ளங்கால் ஊசியைப் பின்னால் பிடியுங்கள். முதலில் முன் கண்ணியில் பர்ல்போல (பின்னிருந்து முன்னால்), பின் கண்ணியில் நிட்போல (முன்னிருந்து பின்னால்) நுழைத்து விட்டுவிடுங்கள், கழற்ற வேண்டாம்.

பிறகு முன்னால்: நிட்போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் பர்ல்போல நுழைத்து விடு. பின்னால்: பர்ல்போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் நிட்போல நுழைத்து விடு. நான் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தைப்பேன். இதற்குக் கிச்சனர் தையல் என்று பெயர். நூலை இறுக்காதீர்கள், மற்ற கண்ணிகளின் அளவுக்கே நிற்கட்டும்.

முடிந்ததும் நூலை உட்பக்கம் இழுத்து, ஐந்தாறு கண்ணிகளில் கோத்து வெட்டுங்கள். முடிச்சு போடாதீர்கள், அதுவும் மேடுதான்.