ஷென்சென்னுக்கு மறுபடி போகிறீர்களா?

சீனாவின் ஷென்சென்னில் முன்பு குடியிருந்தவர்கள் யாராவது மொரீஷியஸில், போர்ட் லூயிஸில் உள்ள என் கடைக்கு வந்து, மறுபடி அங்கே போகப்போவதாகச் சொன்னால், நான் முதலில் கேட்பது பழைய சிம் கார்டைப் பற்றித்தான். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சீன எண் சில மாதத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும். வீசாட் (அங்கே பேசவும் பணம் கட்டவும் உள்ள ஆப்), அலிபே (பணம் கட்டும் ஆப்), வங்கிக் கணக்கு எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. வீசாட் இன்னும் உங்கள் போனில் திறக்கிறது என்றால், கிளம்புவதற்கு முன்பே மொரீஷியஸ் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு பழைய பாஸ்போர்ட் எண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும். பழையது, புதியது இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போங்கள். அதற்கு அரை நாள் ஒதுக்கி வையுங்கள். அதுவரை நம்மூர் விசா கார்டை அலிபேயில் சேர்த்துச் சமாளிக்கலாம். 200 யுவானுக்கு மேலான தொகைக்கு 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். சாப்பாட்டுக்குப் பரவாயில்லை, சரக்கு வாங்கக் கட்டுப்படியாகாது.

மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு 60 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். ஓட்டலில் அவர்களே பதிந்துவிடுவார்கள்.

சரி, ஊருக்குள் போவோம். நாம் காதால் ரோட்டைக் கடந்து பழகியவர்கள், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2017 கடைசியிலேயே அங்கே நகரப் பேருந்துகள் அத்தனையும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. டெலிவரிப் பையன்கள் நடைபாதையிலேயே சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். வழி பார்க்க காவ்தே என்ற சீன மேப் ஆப் போதும். நம்மூர் சிம்மின் ரோமிங்கில் கூகுள் மேப் திறக்கும், ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி பக்கத்துத் தெருவில் நிற்கும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ஹுவாச்சியாங்பெய்க்குப் போகிறவர்கள் கவனியுங்கள். மெட்ரோ வேலைக்காகப் பல வருடம் மூடிக் கிடந்த அந்தத் தெரு, 2017 ஜனவரியில் நடைபாதைத் தெருவாகத் திறந்தது. போன் உதிரிபாகம் விற்ற சில கட்டடங்களில் இப்போது லிப்ஸ்டிக்கும் சென்ட்டும்தான். பழைய கவுண்டர் எண்ணைத் தேடி அலையாதீர்கள், பழைய வியாபாரியை வீசாட்டில் பிடியுங்கள். புதிதாக ஆள் தேடுவதானால் பிற்பகல் நாலு மணிக்கு மேல் போங்கள். கூரியர் வண்டி வரும் நேரம் அது. ஒரு மீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெண் ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் இடுக்கியுமாக டிஸ்ப்ளேக்களை ஒவ்வொன்றாகச் சொருகி எரியவிட்டுப் பார்ப்பாள். பக்கத்திலேயே பழுப்பு டேப்பைச் சர்ரென்று கிழித்துப் பெட்டி ஒட்டுவார்கள். எந்தக் கவுண்டரில் அந்தச் சத்தம் நிற்காமல் கேட்கிறதோ, அங்கே விலை பேசுங்கள். அழகாக அடுக்கிவைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

நம்மூர் சைனா டவுன் பெரியவர்களிடம் கற்ற ஹக்கா நாலு வார்த்தை சிரிப்பு வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்தக் கடைத்தெருவில் மாண்டரின்தான் செல்லும்.

பைஷிஜோ என்ற குடியிருப்புப் பகுதியில் வாடகைக்கு இருந்தவர்கள் (நானும்தான்) வீட்டைத் தேட வேண்டாம். ஜன்னல் வழியே எதிர்வீட்டுக்காரருக்கு உப்பு கொடுக்கும் அளவுக்கு நெருங்கி நின்ற கட்டடங்கள் அவை. 2019-ல் ஆட்களைக் காலி செய்ய வைத்து, பிறகு இடித்தார்கள். மெட்ரோவில் இறங்கி அரை மணி சுற்றிப் பாருங்கள், போதும். பழைய நினைப்பில் ஓட்டலை மட்டும் அந்தப் பக்கம் போடாதீர்கள். வேலை எங்கே இருக்கிறதோ அங்கே தங்குங்கள்.

அப்புறம், டிக்கெட். தைப்பூசக் காவடி முடித்த கையோடு கிளம்புவது நம்மவர்கள் வழக்கம். சில வருடம் காவடிக்குப் பதினைந்து நாள் கழித்துச் சீனப் புத்தாண்டு வரும், சில வருடம் புத்தாண்டுக்குப் பிறகு வரும் முதல் பௌர்ணமியிலேயே காவடி. ஷென்சென்னில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். புத்தாண்டுக்கு ஊருக்குப் போனால் பௌர்ணமி வரைகூடச் சில கடைகள் திறக்காது. அதனால் காவடித் தேதியை விட்டுவிட்டுச் சீனப் புத்தாண்டிலிருந்து மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள்.