கம்பஸ் பிள்ளைகளின் மருத்துவக் காப்புறுதி: வன்னியில் நடக்கும் தவறுகள்

2017இல் இலங்கை அரசு தொடங்கிய 'சுரக்ஷா' காப்புறுதி பாடசாலை மாணவருக்கானது. உயர்தரம் முடிந்தால் அந்தப் பாதுகாப்பும் முடிந்தது. வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களுக்கோ பதிவாகிப் போகிற பிள்ளைகள் பலர் இதைக் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களோ இருப்பதை விசாரிக்காமல் புதிதாக ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் குழுக் காப்புறுதி உண்டா என்று மாணவர் நலன்புரிப் பிரிவில் கேளுங்கள். அம்மாவோ அப்பாவோ அரச ஊழியர் என்றால், அவர்களுக்கான 'அக்ரஹார' மருத்துவக் காப்புறுதியில் பிள்ளைக்கும் இடமுண்டு. வயதெல்லையை மட்டும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, மருத்துவக் காப்புறுதி என்று நினைத்து ஆயுள் காப்புறுதியில் கையெழுத்து வைப்பது. முகவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ அயலவராகவோ இருப்பார். முகம் முறிக்க மனம் வராது. 'சேமிப்பும் இருக்கு, ஆஸ்பத்திரிச் செலவும் வரும்' என்பார். ஆனால் கட்டுகிற காசில் பெரும்பங்கு ஆயுள் காப்புக்கும் சேமிப்புக்கும் போகும், மருத்துவம் சின்ன இணைப்பாகத்தான் இருக்கும். மகாபொல புலமைப்பரிசில் காசு பிந்துகிற மாதங்களில் கட்டுப்பணம் தவறும், பொலிசி காலாவதியாகும். ஆரம்ப வருடங்களில் விட்டுவிட்டால் கட்டிய காசும் பெரும்பாலும் திரும்பாது. கையில் பணம் குறைந்த மாணவருக்கு இது தோதுப்படாது.

இங்கே டெங்கோ பாம்புக்கடியோ வந்தால் நாம் போவது அரச ஆஸ்பத்திரிக்குத்தான், வாட்டில் காசு கட்டத் தேவையில்லை. செலவு வேறு பக்கத்தால் வரும்: வெளியே எடுக்கச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, முல்லைத்தீவிலிருந்து வந்து பார்க்கும் தாயின் பஸ் காசு, சாப்பாடு. ஆகவே வாட்டில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று தரும் மலிவான திட்டமே பொருத்தம் என்பது என் எண்ணம். அது அரச ஆஸ்பத்திரிக்கும் செல்லுமா, எத்தனை இரவுக்குப் பிறகு தருவார்கள் என்று கேளுங்கள். கைபேசி மீதியில் தினமும் கழிக்கிற திட்டமென்றால், மீதி இல்லாத நாட்கள் எப்படிக் கணக்காகும் என்பதையும் கேளுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி நீங்கள் மோதியவருக்கானது. ஏ9 வீதியில் விழுந்து உங்கள் கால் முறிந்தால் அதிலிருந்து சதமும் வராது.

படிவத்தை முகவர் நிரப்ப, வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். ஆஸ்துமா, தலசீமியா என்று ஏற்கெனவே இருப்பதை எழுதினால் கட்டுப்பணம் கொஞ்சம் ஏறலாம், அல்லது அந்த நோயை விலக்கி வைப்பார்கள். மறைத்தால் கிளெயிம் கேட்கும்போது முழுவதையும் மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஆங்கிலப் படிவம் விளங்காவிட்டால் தமிழ்ப் படிவம் கேளுங்கள்.

வாட்டை விட்டு வரும்போது டயக்னோசிஸ் கார்ட்டை (என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதித் தரும் அட்டை) வாங்கி, பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வெளியே வந்தபின் திருத்த அலைவது பெரும்பாடு. கொடுக்கிற எல்லாவற்றுக்கும் பிரதி வையுங்கள். நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் கொழும்பில் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவரிடம் போகக் கட்டணமில்லை.