ரயில் சத்தத்துக்கு நடுவே ஏஎஸ்எம்ஆர் பதிவு: மும்பை வீட்டில் செய்யும் முறை

தலையில் எண்ணெய் தேய்த்துப் பேன் பார்க்கும்போது சிலருக்கு உச்சந்தலையில் ஒரு குறுகுறுப்பு கிளம்பி, பிடரி வழியே முதுகில் இறங்கும். இதற்கு ஏஎஸ்எம்ஆர் (Autonomous Sensory Meridian Response) என்று 2010இல் பெயரிட்டவர் ஜெனிஃபர் ஆலன். பாட்டு கேட்கையில் வரும் மயிர்க்கூச்சம் வேறு. அது நொடிகளில் வந்து போய்விடும். இது நிமிடக்கணக்கில் நிற்கும். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உணர்வு உள்ளவர்களுக்கு, அதைத் தூண்டும் காணொளி பார்க்கையில் இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 3 குறைந்தது. எல்லாருக்கும் இது வராது. வராதவரை வற்புறுத்துவதில் பயனில்லை.

எந்த ஒலியைப் பதிவது என்பதற்கு 2015இல் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தார் 475 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வு நல்ல வழிகாட்டி. கிசுகிசுக் குரல் 75 சதவீதத்தினருக்கும், தன்னை ஒருவர் கவனித்துப் பராமரிப்பது போன்ற காட்சி 69 சதவீதத்தினருக்கும், மொறுமொறு ஒலிகள் 64 சதவீதத்தினருக்கும் சிலிர்ப்பைத் தந்தன. ஒலி காதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மெதுவாக இருக்க வேண்டும், திடுக்கிட வைக்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் காப்பாற்றத்தான்.

முதல் எதிரி வெளிச் சத்தம். மும்பை தாராவியில் வீடு என்றால், ஒரு பக்கம் மாஹிம், மறுபக்கம் சயான். இரு பக்கமும் ரயில். பின்னிரவு 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் உங்களுக்கு நேரம். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். காலையில் சாவி எடுக்கத் திறக்கும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க முடியாது. இரும்பு பீரோவைத் திறந்து, புடவை அடுக்குக்கு எதிரே உட்காருங்கள். பக்கத்துச் சுவரில் தடித்த ரஜாய் (பஞ்சுப் போர்வை) ஒன்றைத் தொங்கவிடுங்கள். துணி விழுங்குவது அறையின் எதிரொலியை மட்டும்தான். ரயிலின் உறுமலை அது தடுக்காது. அதற்காகத்தான் இந்த நேரக் கணக்கு.

கைபேசியில் பதிவதானால், இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலியளவும் இல்லாத பதிவுச் செயலியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான பதிவுகள் கெடுவது இங்கேதான். கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதில்லை, வெறும் காற்றொலிதான். அதை இரைச்சல் என்று எண்ணிக் கருவி அழித்துவிடும். பதிவு வடிவம் வேவ் (WAV), 48 கிலோஹெர்ட்ஸ், முடிந்தால் 24 பிட்.

மைக்கை வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதும். தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறை இரைச்சல் அப்படியே இருக்கும். அதனால் ஒலி போதவில்லை என்றால் முதலில் நெருங்குங்கள். அளவை ஏற்றுவது அப்புறம். உச்ச ஒலி, செயலியின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. இடமும் வலமும் மாறி மாறிக் கேட்க வேண்டுமானால், இரண்டு மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், ஏறக்குறைய இரு காதுகளின் அகலத்தில் வையுங்கள். கேட்பவர் ஹெட்ஃபோன் போட்டால்தான் இதன் பலன் முழுதாகத் தெரியும்.

பொருளுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். பூத் தொடுக்கும் வாழைநார், வெற்றிலைக் காம்பு கிள்ளுவது, மரச்சீப்பில் நகம் ஓட்டுவது, முறத்தில் அரிசியை விரலால் அளைவது எல்லாமே அருமையாக வரும். முறத்தில் புடைக்க வேண்டாம், அந்த அடி திடுக்கிட வைக்கும். எவர்சில்வர் பாத்திரமும் அப்படியே. அப்பளத்துக்கு ஒரு எச்சரிக்கை: மும்பை மழைக்காலத்தில் அது சீக்கிரம் நமுத்துப்போய் ஒடியாமல் வளையும். சுட்டு, ஆறியதும் டப்பாவில் அடைத்து, பதியும்போது மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். மென்று தின்னும் ஒலியைத் தனிப் பதிவாக வைத்து, தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மிசோஃபோனியா, அதாவது குறிப்பிட்ட சில ஒலிகளைச் சகிக்க முடியாத தன்மை, உள்ளவர்களுக்கு அது சிலிர்ப்பைத் தராது, தாங்க முடியாத எரிச்சலைத் தரும்.

தொடங்கும் முன் 10 விநாடி சும்மா இருந்து அறையின் அமைதியைப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு ஒலித்தொகுப்புச் செயலியில் அதை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலை 6 முதல் 10 டெசிபல் வரை குறைக்கலாம். பேராசைப்பட்டு 20 குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழறும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். ‘ஸ’, ‘ஷ’ காதைக் கீறினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் இறக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். நெருக்கம் கேட்பதும் அந்தப் பகுதியில்தான்.

முன்னால் இசை சேர்க்காதீர்கள். கடைசியில் அந்த 10 விநாடி அமைதியை ஒட்டி, மெல்ல மங்கவிடுங்கள். சட்டென்று அறுந்தால், அப்போதுதான் கண்ணயர்ந்தவர் விழித்துக்கொள்வார்.