கட்சியை ஓரம் வைத்ததும் வடிகால் ஓடியது

எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் அடைபட்டுக் கிடந்தது. கூட்டம் போட்டால் பத்தே நிமிடத்தில் 'எந்த ஆட்சி கெடுத்தது' என்ற சண்டையில் போய் நிற்கும். இரண்டு மழைக்காலம் இப்படியே போனது.

மூன்றாவது முறை கேள்வியை மாற்றினேன். "யார் காரணம் என்பது இருக்கட்டும், தண்ணீர் எங்கே தேங்குகிறது?" மழை பெய்யும்போதே எதிரெதிர் கட்சிக்காரர்களை இருவர் இருவராக அனுப்பினோம். சேர்ந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் மாறியது இங்கேதான்: தாமே அளந்ததை யாராலும் மறுக்க முடியவில்லை. அடைப்பு மூன்றே இடத்தில். ஒரே மனுவில் இரு தரப்பும் கையெழுத்திட்டோம். மேலே கிடந்த குப்பையை நாங்களே அள்ளினோம்.

பொதுவளங்களை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009இல் பொருளியல் நோபல் பெற்றவர் எலினார் ஆஸ்ட்ராம். பயன்படுத்துவோரே கண்காணிக்க வேண்டும் என்ற அவர் கருத்தைப் பிடித்துக்கொண்டு, மாதாமாதம் பார்வையிட முறை வைத்தோம்.

பாராட்டு யாருக்கு என்பதில் மறுபடி முறுக்கிக்கொண்டார்கள். பலகையில் எவர் பெயரும் வேண்டாம் என்று சம்மதிக்க வைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. தேர்தலில் இன்றும் அவரவர் வாக்கு அவரவர் கட்சிக்கே.