ஈரப் படங்கு உரசும் இடத்துக்கு ஒரு பூச்சு

மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு இடுப்பும் தொடையும் சிவந்து எரியும். வேலைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு நனைந்து நாள் முழுக்க உரசினால் வேறென்ன ஆகும்? பலரும் சாயங்காலம் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்த பிறகுதான் வசலினைத் தேடுவார்கள். அது காலையிலேயே பூச வேண்டியது. ஈரத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தடுப்பாக நிற்பதுதான் அதன் வேலை.

மலைக்குப் போகும் முன் படங்கு உரசும் இடத்தைக் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிசாகப் பூசினால் போதும். ஏற்கெனவே சிவந்திருந்தால் பார்மசியில் சிங்க் ஒக்சைட் களிம்பு கேளுங்கள், குழந்தைகளுக்குப் பம்பர்ஸ் கட்டும் இடத்தில் பூசுவார்களே, அந்த வெள்ளைக் களிம்புதான். அதைக் கொஞ்சம் தடிப்பாகவே பூசலாம். இரவில் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கான மேல்பூச்சை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி பூசினால் சரி.

கால்விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி அரித்தால் அது சேற்றுப்புண். அங்கே வசலின் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பூஞ்சைக்கான மருந்துதான் வேண்டும். சீழ், காய்ச்சல் இருந்தால் டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. வசலின் ஊறிய துணியில் தீ சட்டென்று பற்றும். அதை உடுத்திக்கொண்டு அடுப்படியில் குளிர்காய உட்காராதீர்கள்.